நர்சிங் மேற்படிப்பு: நெல்லைச் சீமையிலிருந்து எந்த வழி, எங்கே சறுக்கும்?

வண்ணார்பேட்டை_ஆர்என்:
ஜி.என்.எம்.ங்க நர்சிங் டிப்ளமோ முடிச்சவங்க, பி.எஸ்ஸி. நர்சிங் முடிச்சவங்க ரெண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்த இழை. வார்டுல ரெண்டு வருஷம் ஓடினதும் எல்லாரும் கேக்க கேள்வி ஒண்ணுதான்: அடுத்து என்ன படிக்க? ஒருத்தங்க எம்.எஸ்ஸி. போன்னு சொல்லுதாங்க, ஒருத்தங்க ஐ.சி.யூ. டிப்ளமோ போதும்னு சொல்லுதாங்க. ஏஜென்ட் போன் போட்டு, லீவே போடாம முதுநிலைப் பட்டம் வாங்கித் தாரேன்னு சொல்லுதான். தகுதி, காலம், காகிதம், முடிச்ச பிறகு கிடைக்க வேலை, இந்த நாலையும் விவரம் தெரிஞ்ச அக்காமார், அண்ணாச்சிமார் துல்லியமா எழுதுங்க.

பாளை_டியூட்டர்:
முதலில் பாதையைப் போட்டுவிடுகிறேன் தங்கச்சி.

ஜி.என்.எம். மூன்று வருடப் படிப்பு. அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எம்.எஸ்ஸி.யில் நேரடியாகச் சேர முடியாது. நடுவில் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. இரண்டு வருடம் இருக்கிறது. அதற்கு பிளஸ் டூ தேர்ச்சி, ஜி.என்.எம். சான்று, மாநில நர்சிங் கவுன்சிலில் ஆர்.என்.ஆர்.எம். பதிவு (நர்ஸ், மகப்பேறு நர்ஸ் என்ற உரிமப் பதிவு) மூன்றும் வேண்டும். அதற்கு மேல் எம்.எஸ்ஸி. இரண்டு வருடம். ஆக ஜி.என்.எம். முடித்தவருக்கு வகுப்பில் இருக்கும் காலம் மட்டும் நாலு வருடம்.

நாலு வருட பி.எஸ்ஸி. முடித்தவர் எம்.எஸ்ஸி.யில் சேரத் தேவை மொத்தத்தில் குறைந்தது 55 சதவீத மதிப்பெண், கவுன்சில் பதிவு, பட்டத்துக்குப் பிறகு குறைந்தது ஒரு வருட வேலை அனுபவம். போஸ்ட் பேசிக் வழியாக வருபவருக்கு ஒரு சலுகை உண்டு. அந்த ஒரு வருட அனுபவம் போஸ்ட் பேசிக் சேர்வதற்கு முன்னால் இருந்தாலும் சரி, முடித்த பின்னால் இருந்தாலும் சரி. இதைத் தெரியாமல் போஸ்ட் பேசிக் முடித்துவிட்டு மறுபடி ஒரு வருடம் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

55 சதவீதம் என்பது கடைசி வருட மதிப்பெண் அல்ல, எல்லா வருடமும் சேர்ந்தது. போஸ்ட் பேசிக் வழியில் வருபவருக்கு அந்த இரண்டு வருட மதிப்பெண்தான் கணக்கு. ஜி.என்.எம்.மில் குறைவாக வாங்கியவர் கவலைப்பட வேண்டாம், போஸ்ட் பேசிக்கில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் 54.6 வாங்கிவிட்டு 55 என்று எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பி விண்ணப்பக் கட்டணம் கட்டாதீர்கள். புதிய செமஸ்டர் முறையில் பி.எஸ்ஸி. முடித்து வருபவர்கள் சி.ஜி.பி.ஏ.வைச் சதவீதமாக மாற்றிய சான்றைப் பல்கலைக்கழகத்திலேயே வாங்கி வையுங்கள். நீங்களாகப் பெருக்கிப் போட்ட எண்ணைச் சரிபார்ப்பு மேசையில் ஏற்க மாட்டார்கள்.

எம்.எஸ்ஸி.யில் பிரிவு ஐந்து: மெடிக்கல் சர்ஜிக்கல், சமூக நலம், குழந்தைகள் நலம், மகப்பேறு, மனநலம். மெடிக்கல் சர்ஜிக்கலுக்குள் இதயம், புற்றுநோய், நரம்பியல், சிறுநீரகம் என்று உட்பிரிவுகள் உண்டு. அதற்கும் மேல் போனால் முனைவர் பட்டம். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி குறைந்தது மூன்று வருடம், கூடுதலாக ஆறு.

கொக்கிரகுளம்_மாமா:
டியூட்டரம்மா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிடுதேன். நம்ம ஊர்ப் பிள்ளைங்க சிலர் அபிஷேகப்பட்டியில உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துல நர்சிங் எம்.எஸ்ஸி. விசாரிக்காவ. அங்க கிடையாது. தமிழ்நாட்டுல நர்சிங் கல்லூரியெல்லாம் பெரும்பாலும் கிண்டியில உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோட இணைப்பு. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தனி. பதிவு நடக்கது சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில உள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சில். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு அறிவிப்பு வாரது கீழ்ப்பாக்கத்துல உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத் தேர்வுக்குழு மூலமா. இந்த மூணும் மூணு வேற ஆபீஸ். ஒண்ணுல கொடுத்த காகிதம் இன்னொண்ணுக்குத் தானா போகாது.

அதனால நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுமுன்னாடி எந்த ஆபீசுக்கு எந்தக் காகிதம்னு எழுதி வச்சுக்கிடணும். ஒரு ராத்திரிப் பயணம் போயி, ஒரு ஜெராக்ஸ் குறையுதுன்னு திரும்பி வாரது பெரிய வயித்தெரிச்சல்.

வள்ளியூர்க்காற்று:
தொலைதூரக் கல்வியில் எம்.எஸ்ஸி. நர்சிங் கிடைக்கும் என்று சொல்கிறார்களே, அது செல்லுமா? வார இறுதி வகுப்பு மட்டும் என்கிறார்கள்.

பாளை_டியூட்டர்:
செல்லாது. இந்திய நர்சிங் கவுன்சில், அதாவது ஐ.என்.சி., தொலைதூர எம்.எஸ்ஸி. நர்சிங்கை அங்கீகரிப்பதில்லை. காரணம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. எம்.எஸ்ஸி. முதல் வருடத்தில் சிறப்புப் பிரிவுக்கு மட்டும் 650 மணி நேரம் செய்முறை, இரண்டாம் வருடத்தில் 950 மணி நேரம். இதை வார இறுதியில் எப்படி முடிக்க? தேர்வெழுத ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் வாங்குவதற்குள் செய்முறையில் 100 சதவீதம் நிரப்ப வேண்டும்.

போஸ்ட் பேசிக் விஷயம் வேறு. இக்னோ பல்கலைக்கழகம் பணியில் இருக்கும் நர்சுகளுக்காக அதை நடத்தி வந்திருக்கிறது. குறைந்தது மூன்று வருடம், நுழைவுத் தேர்வு உண்டு, ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தபின் வேலை அனுபவமும் கேட்பார்கள். சேர்வதற்கு முன் அந்த ஆண்டுக்கான அறிவிப்பைப் பார்த்து, செய்முறை மையம் எந்த ஊரில் ஒதுக்குவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மையம் தூரமாகப் போனால் லீவு தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வகுப்புக்கு வரவே வேண்டாம், வருகை போட்டுத் தருகிறோம் என்று சொல்லும் இடங்களிடமிருந்து விலகி நில்லுங்கள். எம்.எஸ்ஸி. படித்ததாகச் சொல்லும் அதே இரண்டு வருடத்துக்கு ஒரு மருத்துவமனையில் பி.எஃப். பிடித்தம் ஓடியிருக்கும். பின்னால் ஆசிரியர் பணிக்கு அனுபவம் சரிபார்க்கும்போது தேதி மோதும். இரண்டில் ஒன்று பொய் என்று தெரிந்துவிட்டால் இரண்டுமே போகும். அதைவிட முக்கியமாக, அந்த 1600 மணி நேரம் நோயாளியின் பக்கத்தில் நின்று கற்காத ஒருவரை முதுநிலை நர்ஸ் என்று சொல்வது நோயாளிக்குச் செய்கிற துரோகம்.

கொக்கிரகுளம்_மாமா:
காகிதத்துல எங்க சறுக்கும்னு நான் சொல்லுதேன்.

மொதல்ல பேரு. கல்யாணத்துக்கு முன்னால அப்பா இனிஷியல், பின்னால புருஷன் இனிஷியல். பத்தாங்கிளாஸ் மார்க்ஷீட்டுல ஒண்ணு, ஆர்.என். சான்றுல ஒண்ணு, ஆதார்ல ஒண்ணு, பாஸ்போர்ட்டுல இனிஷியல விரிச்சு முழுப்பேரு. உள்ளூர்ல ஒருத்தரும் கேக்க மாட்டாவ, கவுன்சில்லயும் வெளிநாட்டு ஆபீசுலயும் நிறுத்திப்போடுவாவ. படிப்புச் சான்று எல்லாத்துலயும் என்ன பேரு இருக்கோ அதுக்கு ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் கொண்டு வாரதுதான் சுலபம். பேரே மாறியிருந்தா அரசிதழ்ல அறிவிப்பு போட்டு அந்தப் பிரதியைக் கூட வைக்கணும்.

ரெண்டாவது சாதிச் சான்று. கல்யாணமான பொம்பளப்பிள்ளைக்கும் சாதிச் சான்று அப்பா பேர்லதான் இருக்கணும், புருஷன் பேர்ல வாங்கி வந்தா ஆகாது. நம்ம மாநிலத்துல 69 சதவீத இடஒதுக்கீடு: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 18 (அதுக்குள்ள அருந்ததியர் 3), எஸ்.டி. 1. மேலப்பாளையம் பிள்ளைங்க பி.சி. முஸ்லிம்னு தெளிவா இருக்கான்னு பாத்துக்கிடணும். பழைய சான்றுல வெறும் பி.சி.ன்னு இருந்தா இ-சேவை மையத்துல புதுசா விண்ணப்பிச்சு வாங்கிடுங்க. கலந்தாய்வு நேரத்துல ஓடக் கூடாது.

மூணாவது, பெங்களூர்லயோ ஆந்திராவுலயோ படிச்சு வந்த பிள்ளைங்க. அங்க உள்ள கவுன்சில்ல பதிவு இருக்கும், இங்க இருக்காது. அங்கருந்து தடையில்லாச் சான்றும் சரிபார்ப்பும் வந்தபிறகுதான் இங்க பதிவு. ரெண்டு கவுன்சிலுக்கு நடுவுல கடிதம் போய் வர மாசக்கணக்கு ஆகும். எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்துல சேரணும்னா அதுக்கு மேல தகுதிச் சான்றும் இடமாற்றச் சான்றும் கேப்பாவ. இடம் கிடைச்ச பிறகு வாங்கிக்கிடலாம்னு இருந்தவங்க எத்தனையோ பேருக்கு அந்த வருஷமே கையவிட்டுப் போயிருக்கு.

நாலாவது, ஒவ்வொரு படிப்பு முடிச்சதும் அதைக் கூடுதல் தகுதின்னு கவுன்சில்ல பதியணும். போஸ்ட் பேசிக் முடிச்சுட்டு பழைய ஜி.என்.எம். பதிவோடயே எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பிச்சா கேள்வி வரும். ஐ.என்.சி.யோட தேசியப் பதிவேட்டுல என்.யு.ஐ.டி.ங்க தனி அடையாள எண் வாங்கியிருக்கணும், பதிவு புதுப்பிச்ச தேதி ஓடிக்கிட்டு இருக்கணும்.

ஐசியூ_இரவு:
அனுபவச் சான்று பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. சின்ன நர்சிங் ஹோமில் ஆர்டரும் கிடையாது, சம்பளம் கையில்தான். அங்கே வேலை பார்த்த பிள்ளைகள்தான் நம் மாவட்டத்தில் அதிகம்.

சான்று மருத்துவமனையின் தலைப்புத் தாளில் இருக்க வேண்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, பார்த்த பிரிவு, மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை, மருத்துவக் கண்காணிப்பாளர் அல்லது நர்சிங் கண்காணிப்பாளர் கையெழுத்து, முத்திரை. ‘இன்று வரை பணிபுரிகிறார்’ என்று மட்டும் எழுதித் தேதி போடாமல் விட்டால் கணக்கெடுக்க முடியாது. சேர்ந்த தேதி ஆர்.என். பதிவுத் தேதிக்கு முன்னால் இருந்தால் அந்த இடைவெளி கணக்கில் வராது. படிப்பு மே மாதம் முடிந்து, ஜூனில் வேலைக்குச் சேர்ந்து, பதிவு நவம்பரில் கிடைத்தது என்று வையுங்கள். அனுபவத்தை நவம்பரிலிருந்து எண்ணிக்கொள்வதுதான் பாதுகாப்பு. சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ஆர்டர் இல்லாத இடத்தில் பாஸ்புக்தான் கடைசிச் சாட்சி.

அசல் சான்றுகளை வேலைக்குச் சேரும் இடத்தில் ஒப்படைக்காதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும். விண்ணப்பக் கடைசி நாளில் அசலுக்காகக் கெஞ்சி நிற்கிற நிலை எந்த நர்சுக்கும் வரக் கூடாது.

சேரன்மகாதேவி_செவிலி:
எனக்கு ஒரு சந்தேகம் அக்கா. வார்டுலயே இருக்கத்தான் ஆசை, பாடம் நடத்த விருப்பமில்லை. அப்போ எம்.எஸ்ஸி. தேவையா, ஒரு வருட டிப்ளமோ போதுமா, இல்லை நர்ஸ் பிராக்டிஷனரா?

ஐசியூ_இரவு:
இதுதான் இந்த இழையிலேயே சரியான கேள்வி. எங்கே போய் நிற்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் படிப்பைத் தேர்ந்தெடுப்பதால்தான் பாதிப் பேர் வருத்தப்படுகிறார்கள்.

ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோ என்பது படுக்கை ஓரத் திறமைக்கு. கிரிட்டிக்கல் கேர், இதயம், நரம்பியல், புற்றுநோய், பச்சிளங்குழந்தை, அறுவை அரங்கு, அவசர சிகிச்சை என்று பிரிவுகள். பதிவும் ஒரு வருட மருத்துவமனை அனுபவமும் கேட்பார்கள், ஜி.என்.எம். முடித்தவரும் சேரலாம். நம் ஊருக்குப் பக்கத்தில் என்றால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் இதய நர்சிங், நரம்பியல் நர்சிங் இரண்டும் உண்டு. நாகர்கோவில் வழியாக ரயிலில் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: இந்த டிப்ளமோ எம்.எஸ்ஸி.க்கு ஏணிப்படி ஆகாது. ஜி.என்.எம்.மும் டிப்ளமோவும் சேர்ந்தாலும் பட்டம் ஆகாது.

நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர், சுருக்கமாக என்.பி.சி.சி., இரண்டு வருட முதுநிலைப் படிப்பு. பி.எஸ்ஸி., 55 சதவீதம், ஒரு வருட மருத்துவமனை அனுபவம் தேவை. ஐ.சி.யூ.வில் பார்த்த அனுபவமாக இருந்தால் நல்லது. ரெசிடென்சி முறை: 20 சதவீதம் பாடம், 80 சதவீதம் ஐ.சி.யூ.வில். வென்டிலேட்டர் அமைப்பை மாற்றுவது, ஏ.பி.ஜி. என்ற தமனி ரத்த வாயுப் பரிசோதனையைப் படித்து முடிவெடுப்பது, தமனிக் குழாய் போடுவது, மருந்து அளவைக் கணக்கிட்டு உயர்த்துவது இறக்குவது எல்லாம் கைப்பழக்கமாக வர வேண்டும். எம்.எஸ்ஸி.யில் கல்வியியலுக்கும் நிர்வாகத்துக்கும் போகிற நேரம் இங்கே நோயாளிக்குப் போகிறது. வார்டில் இருக்க ஆசை என்றால் என் வாக்கு இதற்குத்தான்.

பாளை_டியூட்டர்:
படிப்பு நல்ல படிப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை தம்பி. ஆனால் முடித்தபின் என்ன என்பதையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். இங்கே நர்ஸ் பிராக்டிஷனர் தனியாக மருந்து எழுதிக் கொடுக்க முடியாது. மருத்துவமனை எழுதி வைத்த நடைமுறைக்கும் நிலையாணைக்கும் உட்பட்டுத்தான் செய்ய முடியும். அந்த நிலையாணை இல்லாத மருத்துவமனையில் சேர்ந்தால் மறுபடியும் பழைய ஸ்டாஃப் நர்ஸ் வேலைதான். கல்லூரி விளம்பரங்களில் கேட்பது எம்.எஸ்ஸி. ஐம்பது வயதில் இரவுப் பணி முடியாமல் போகும்போது கற்பித்தலுக்கு மாற எம்.எஸ்ஸி. கதவைத் திறந்து வைக்கும்.

ஐசியூ_இரவு:
சரிதான் அக்கா, மறுக்கவில்லை. அதனால்தான் சேரும் முன் மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறேன். அந்தக் கல்லூரியின் சொந்த மருத்துவமனையில் எத்தனை ஐ.சி.யூ. படுக்கை? ரெசிடென்சி காலத்தில் உதவித்தொகை உண்டா? முடித்தவர்களை என்ன பதவியில் வைத்திருக்கிறார்கள்? மூன்றாவதற்கு நேரான பதில் வரவில்லை என்றால் அங்கே சேர வேண்டாம். ஆனால் கற்பித்தலுக்கு விருப்பமே இல்லாதவர் பின்னால் உதவும் என்று எம்.எஸ்ஸி. போய், படிப்பு முடிந்ததும் வகுப்பறையில் நின்று வார்டை நினைத்து ஏங்குவதும் நடக்கிறது. நல்ல ஐ.சி.யூ. நர்சை இழப்பது நோயாளிக்கும் இழப்பு.

பாளை_டியூட்டர்:
அதை ஒப்புக்கொள்கிறேன். கற்பித்தல் பக்கம் வருபவர்களுக்கு ஒரு விவரம்: ஒரு வருட அனுபவமுள்ள பி.எஸ்ஸி.க்கும் டியூட்டர் பதவி கிடைக்கும். உதவிப் பேராசிரியர் ஆக எம்.எஸ்ஸி.யும் மூன்று வருடக் கற்பித்தல் அனுபவமும். முதல்வர் பதவிக்கு மொத்தம் 15 வருட அனுபவம் கேட்பார்கள். பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது கல்லூரியில் கிடைக்கிறது என்பதற்காக எடுக்காதீர்கள். எந்த வார்டில் நின்றால் நேரம் போவது தெரியவில்லையோ அதை எடுங்கள். இரண்டு வருடம் அதோடுதான் குடித்தனம்.

கல்லூரியைப் பார்க்கும்போது, பி.எஸ்ஸி.க்கு அனுமதி இருப்பதால் எம்.எஸ்ஸி.க்கும் இருக்கும் என்று எண்ணக் கூடாது. பிரிவுவாரியாக எத்தனை இடம் என்று ஐ.என்.சி. பட்டியலில் தனித்தனியாக இருக்கும். மனநலத்துக்கு அனுமதி இல்லாமல் சமூக நலத்துக்கு மட்டும் இருக்கலாம். நீங்கள் சேரும் கல்வியாண்டின் பட்டியலைப் பாருங்கள், சுவரில் மாட்டிய பழைய சான்றை அல்ல. தமிழ்நாட்டுக்குள் சி.எம்.சி. வேலூர், பக்கத்தில் ஜிப்மர், எய்ம்ஸ், மனநலத்துக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் எல்லாம் தனித்தனித் தேர்வு. எய்ம்ஸ் எம்.எஸ்ஸி.க்கு 55 போதாது, பொதுப்பிரிவுக்கு 60 சதவீதம்.

வள்ளியூர்க்காற்று:
எம்.எஸ்ஸி.யில் எழுத வேண்டிய டிசர்டேஷன், அதாவது ஆய்வேடுதான் பயமாக இருக்கிறது. அதில் என்னதான் தப்பாகப் போகிறது?

பாளை_டியூட்டர்:
நேரம்தான் முதலில் தப்பாகிறது. ஆய்வு முன்மொழிவை முதல் வருடத்தின் ஒன்பதாம் மாத முடிவில் கொடுக்க வேண்டும், முடித்த ஆய்வேட்டை இரண்டாம் வருடத்தின் ஒன்பதாம் மாத முடிவில். நடுவில் ஒரு வருடம் இருப்பதுபோல் தெரியும். எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல், களத்துக்கு அனுமதிக் கடிதம், நிபுணர்களிடம் கருவி (அதாவது கேள்வித்தாள்) சரிபார்ப்பு, பைலட் ஸ்டடி என்ற சிறு முன்னோட்ட ஆய்வு எல்லாம் போக, தகவல் திரட்டக் கையில் நிற்பது நாலைந்து வாரம்தான்.

தலைப்பு அடுத்தது. கையேடு கொடுத்து அறிவு கூடியதா என்று முன்னும் பின்னும் தேர்வு வைக்கிற ஆய்வு ஆயிரம் வந்துவிட்டது. கையேட்டைப் படித்தவருக்கு அதிலுள்ள கேள்விக்குப் பதில் தெரியத்தான் செய்யும். அதைக் கண்டுபிடிக்க ஆய்வு எதற்கு? நம் சீமையில் பார்க்க வேண்டியது கண்முன்னே கிடக்கிறது. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் பெண்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, அதனால் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கழுத்து, இடுப்பு, மணிக்கட்டு வலி. சமூக நலமோ மெடிக்கல் சர்ஜிக்கலோ எடுத்தவருக்கு அந்த வலியையே அளக்கலாம். நார்டிக் கேள்வித்தாள் என்று ஒன்று இருக்கிறது, உடம்பை ஒன்பது பகுதியாகப் பிரித்து, கடந்த 12 மாதத்தில் வலி இருந்ததா, கடந்த 7 நாளில் இருந்ததா என்று கேட்கும். அதைத் தமிழாக்கி, இன்னொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ‘லோயர் பேக்’ என்பதைக் கீழ்முதுகு என்று எழுதினால் முக்கூடல் ஆச்சிக்குப் புரியாது. இடுப்பு என்றால்தான் கை சரியான இடத்துக்குப் போகும். படத்தைக் காட்டித் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சேரன்மகாதேவி_செவிலி:
சாம்பிள் எத்தனை எடுக்கணும் அக்கா? எல்லாரும் 60 என்றே போடுகிறார்கள்.

பாளை_டியூட்டர்:
60 என்பது பழக்கம், கணக்கு அல்ல. எத்தனை பேருக்கு வலி என்று மட்டும் பார்க்கும் ஆய்வென்றால் எளிய வாய்பாடு இருக்கிறது: நாலு பெருக்கல் பி பெருக்கல் கியூ, வகுத்தல் டி வர்க்கம். பி என்பது முந்தைய ஆய்வுகளில் கண்ட சதவீதம், கியூ என்பது நூறில் மீதி, டி என்பது நீங்கள் ஏற்கிற பிழை. பி 40 என்று வைத்தால் கியூ 60. பிழை 10. நாலு பெருக்கல் 40 பெருக்கல் 60 என்றால் 9600, அதை 100ஆல் வகுத்தால் 96. பாதியில் விலகுபவருக்கு 10 சதவீதம் சேர்த்தால் 106. பிழையை 5 ஆக்கினால் 384 ஆகிவிடும், ஒரு மாணவியால் நாலு வாரத்தில் முடியாது. அதனால் எந்தப் பிழையை ஏன் ஏற்றோம் என்று ஆய்வேட்டிலேயே எழுதி வையுங்கள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், முதல் கேள்வி அதுதான்.

பயிற்சி கொடுத்து வலி குறைகிறதா என்று பார்ப்பதானால் கட்டுப்பாட்டுக் குழு, அதாவது பயிற்சி கொடுக்காத இன்னொரு குழு வேண்டும். ஒரே குழுவுக்கு முன், பின் அளந்துவிட்டு, குறைந்ததற்கு என் பயிற்சிதான் காரணம் என்று சொல்ல முடியாது. அந்த மாதம் பீடி இலை வராமல் வேலை குறைந்திருந்தாலும் வலி குறையும். இரண்டு குழுவையும் ஒரே தெருவில் வைக்காதீர்கள். மாலையில் திண்ணையில் உட்கார்ந்தால் உங்கள் பயிற்சி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். இரண்டு தனி ஊர், இடையில் நல்ல தூரம். பீடியை ஒப்படைக்கப் போகிற நேரத்தில் போனால் வீட்டில் ஆள் இருக்காது, அந்த நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவியை நிபுணர்களிடம் கொடுக்கும்போது ஐந்து பேர் அல்லது குறைவு என்றால் ஒவ்வொரு கேள்வியிலும் எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆறும் அதற்கு மேலும் என்றால் ஒத்துக்கொண்டவர்களின் விகிதம் 0.78 போதும். நம்பகத்தன்மைக்கு குரோன்பாக் ஆல்ஃபா என்ற அளவு 0.7க்கு மேல் வர வேண்டும். பைலட் ஸ்டடியில் கலந்துகொண்டவரை முதன்மை ஆய்வில் சேர்க்கக் கூடாது. புள்ளியியல் ஆலோசகரிடம் தகவல் திரட்டிய பிறகு போகாதீர்கள், முன்மொழிவுக்கு முன்னால் போங்கள். திரட்டி முடித்தபின் அவரால் உங்களுக்கு அனுதாபம் மட்டும்தான் சொல்ல முடியும்.

கொக்கிரகுளம்_மாமா:
பணத்தைப் பத்தி நாலு வரி. கல்விக் கடன் வித்யாலட்சுமி தளம் வழியா. 4 லட்சம் வரை கைப்பணம் கேக்கக் கூடாது, அதுக்கு மேல உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம், வெளிநாட்டுக்கு 15. ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை கேக்காம கொடுக்கத் திட்டம் இருக்கு. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரை தவணை ஓடாது, வட்டி ஓடும், அதை மறந்திராதீங்க. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைங்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுநிலைக்கும் உண்டு, வருமானச் சான்று புதுசா இருக்கணும். புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய் எம்.எஸ்ஸி.க்குக் கிடையாது. அதை நம்பி விடுதிக் கணக்குப் போடாதீங்க.

அரசுப் பணியில உள்ளவங்க மேலதிகாரி வழியாத்தான் விண்ணப்பிக்கணும். தடையில்லாச் சான்று கைக்கு வராம சேந்துட்டா விடுப்பு ஒழுங்குமீறலாப் போயிரும். அறிவிப்பு வந்தபிறகு கேட்டா கோப்பு மேசை மேசையா நகர்றதுக்குள்ள கடைசி நாள் முடிஞ்சிரும். முன்னாலயே எழுதிக் கொடுத்து வைங்க.

ஹைகிரவுண்ட்_நிழல்:
அமெரிக்க வழி பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள், இங்கேயே எழுதுகிறேன்.

அங்கே மேல்நிலை நர்ஸ் என்றால் நாலு வகை: நர்ஸ் பிராக்டிஷனர், கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட், நர்ஸ் மிட்வைஃப், மயக்க மருந்து நர்ஸ். நாலுக்கும் முதலில் அந்த நாட்டு ஆர்.என். உரிமம். நாம் போக வேண்டிய வரிசை: சான்று மதிப்பீடு, மாநில வாரியத்துக்கு விண்ணப்பம், என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வு, விசாவுக்கான சான்று சரிபார்ப்பு. என்கிளெக்ஸ் 85 முதல் 150 கேள்வி, ஐந்து மணி நேரம். 2023 ஏப்ரலிலிருந்து நோயாளி நிலவரம் கொடுத்து முடிவெடுக்கச் சொல்லும் கேள்விகள் சேர்ந்துள்ளன. மதிப்பீட்டுக்கு மதிப்பெண் விவரமும் பதிவுச் சரிபார்ப்பும் கல்லூரி, கவுன்சிலிடமிருந்து நேராகப் போக வேண்டும். நீங்கள் உறையைப் பிரித்து அனுப்பினால் செல்லாது.

அங்கே இரண்டு வருட நர்சிங் படித்த ஆர்.என்.களுக்கு நேராக முதுநிலைக்குப் போகும் இணைப்புப் படிப்புகள் உண்டு. அதைப் பார்த்துவிட்டு ஜி.என்.எம். முடித்தவர்கள் நமக்கும் அது கிடைக்கும் என்று எண்ணுகிறார்கள். நம் டிப்ளமோவை அந்தப் பல்கலைக்கழகம் எப்படி மதிப்பிடுகிறது என்பதைப் பொறுத்தது அது. போஸ்ட் பேசிக் கையில் இருந்தால் இளநிலைப் பட்டம் என்று காட்டுவது எளிது. மயக்க மருந்து நர்சுக்கு இப்போது முனைவர் நிலைப் படிப்புதான், சேர்வதற்குக் குறைந்தது ஒரு வருட ஐ.சி.யூ. அனுபவம்.

பெரிய ஏமாற்றம் நடப்பது ஆன்லைன் எம்.எஸ்.என்., அதாவது அந்த நாட்டு முதுநிலை நர்சிங் பட்டம் விஷயத்தில். பாடம் ஆன்லைனில் இருக்கும், ஆனால் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் நோயாளியை நேரில் பார்க்கும் மணி நேரம் கட்டாயம். முன்பு குறைந்தது 500, 2022இல் வந்த தர வரையறையில் 750. அதை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி உள்ள மாநிலத்தில், தகுதியுள்ள வழிகாட்டியின் கீழ் முடிக்க வேண்டும். பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு முடிக்க முடியாது. மருத்துவமனைப் பயிற்சி இல்லாத கல்வியியல், நிர்வாகப் பிரிவு ஆன்லைன் பட்டங்களை முடித்தாலும் நம் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிய முடியும் என்று நம்பிக் காசு கட்டாதீர்கள். இங்கேயே வேலை பார்க்கப் போகிறவர் இங்கே அங்கீகாரம் உள்ள பட்டத்தைத்தான் படிக்க வேண்டும்.

வண்ணார்பேட்டை_ஆர்என்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒரு கேள்வி பாக்கி. ஒரு ஆஸ்பத்திரியில 7 மாசம், இன்னொண்ணுல 6 மாசம். சேர்த்து ஒரு வருஷம்னு எடுத்துக்கிடலாமா, இல்ல ஒரே இடத்துல இருக்கணுமா?

ஐசியூ_இரவு:
குறைந்தது ஒரு வருட அனுபவம் என்றுதான் தகுதி விதியில் இருக்கிறது, ஒரே மருத்துவமனை என்று இல்லை. இரண்டு இடத்திலும் தேதியோடு தனித்தனிச் சான்று வாங்குங்கள். முதல் இடத்தில் விலகிய தேதியும் இரண்டாம் இடத்தில் சேர்ந்த தேதியும் ஒன்றோடொன்று ஏறக் கூடாது. இரண்டு தேதிக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் கழித்துவிட்டு நாள் கணக்காக 365 வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். சேர்ந்த மாதத்தையும் விலகிய மாதத்தையும் முழு மாதமாக எண்ணினால் 13 என்று வரும், நாளாக எண்ணினால் சில சமயம் குறையும். குறைந்தால் இப்போது இருக்கும் இடத்தில் இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டு விலகுங்கள், சான்றைக் கையில் வாங்காமல் கடைசி நாள் வெளியே வராதீர்கள்.

கொக்கிரகுளம்_மாமா:
அந்தச் சான்றுல ஊர்ப் பேரும் பின்கோடும் ஆஸ்பத்திரி பதிவு எண்ணும் இருக்கான்னு பாத்துக்கிடும்மா. முத்திரை மங்கலா விழுந்திருந்தா அங்கயே இன்னொரு தடவை குத்தச் சொல்லிரு.